முதல்லேருந்து டாக்டர்

“முதல்லேருந்து சொல்லுங்க.”

மதியம் இரண்டு மணி. அவசரப் பிரிவில் காலை ஷிப்ட் கிளம்புகிறது. எந்தப் படுக்கையில் யார், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று எழுதிய தாளைக் கிளம்புகிறவர் நீட்டுகிறார். மதிய ஷிப்டுக்கு வந்திருக்கும் இந்த மருத்துவர் அதை வாங்கி, படிக்காமலே நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதல் படுக்கைக்குப் போய்விட்டார்.

“எத்தனை தடவைங்க சொல்றது? காலையிலேருந்து நீங்க நாலாவது ஆளு,” என்கிறார் காலில் கட்டுடன் படுத்திருக்கும் பெரியவர்.

“அஞ்சாவது ஆளும் வருவாரு. எனக்கு ஒரு தடவை சொல்லுங்க.”

“வழுக்கி விழுந்துட்டேன்.”

“அதுக்கு முன்னாடி? தலை சுத்துச்சா, இல்ல சும்மா வழுக்குச்சா?”

பெரியவர் யோசிக்கிறார். “சுத்துன மாதிரிதான் இருந்துச்சு. அதை யாரும் கேக்கலையே!”

இதயத் துடிப்பைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்கிறார்.

வயது முப்பத்தொன்று. அவசர மருத்துவத்தில் மேற்படிப்பு, கடைசி ஆண்டு. இறுதித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். செவிலியர்கள் வைத்த பெயர் ‘முதல்லேருந்து’. மற்றவர்கள் அரை மணியில் முடிக்கும் ஷிப்ட் மாற்றம் இவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். “இவர்கிட்ட ஒப்படைக்கிறதுக்கு நானே இன்னொரு ஷிப்ட் பாத்துட்டுப் போயிடலாம்,” என்று அலுத்துக்கொள்கிறார் உடன் படிக்கும் பெண் மருத்துவர். அக்காவின் புகார் வேறு: “பொண்ணு பாத்திருக்கோம்டான்னு போன்ல சொல்றேன், ‘எப்பலேருந்து?’ங்கறான்.”

சாப்பாடு நின்றுகொண்டுதான். ரத்தப் பரிசோதனை எண்களை இடது புறங்கையில் எழுதிக்கொள்வார். கை கழுவுமுன் குழாயடியில் நின்று அவற்றை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். பக்கத்தில் நிற்பவர்கள் ஜபம் என்று கிண்டல் செய்வார்கள். தூக்கம், சலைன் பெட்டிகள் அடுக்கிய அறையில், சாய்வு நாற்காலியில், இருபது இருபது நிமிடமாக.

எப்போதும் இப்படி இருந்தவரில்லை. முதல் ஆண்டில் வேகத்துக்குப் பெயர்போனவர் இவர்தான். ஏழு படுக்கைகளைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு டீக்கும் போய்விடுவார். நிறுத்தியது எட்டாம் படுக்கை.

பதினாலு மாதம் முன்பு, இதே இரண்டு மணி ஷிப்டில் கைக்கு வந்த தாளில், ‘படுக்கை எட்டு, முதுகுவலி, சிறுநீரகக் கல், ஸ்கேன் வந்ததும் வீட்டுக்கு’ என்று இருந்தது. ஐம்பத்திரண்டு வயது, பள்ளி வேன் ஓட்டுநர். முந்தின ஆண்டும் கல் வந்திருந்தது. இவர் தாளை நம்பினார். வயிற்றில் கை வைத்துப் பார்க்கவில்லை. ஐம்பது நிமிடத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது. கிழிந்திருந்தது வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய். அறுவை அரங்கின் வாசல்வரைதான் வண்டியைத் தள்ள முடிந்தது.

விசாரணைக் கூட்டத்தில் பேராசிரியர், “யார் கண்ணுக்கும் தப்பியிருக்கும்,” என்று முடித்துவைத்தார். ஒன்றை மட்டும் இவர் அங்கே சொல்லவில்லை. டீ மேசையருகே நின்று, கோப்பையைப் பார்த்தபடி இப்போது நம்மிடம் சொல்கிறார்:

“அவரு சம்சாரம் என்கிட்ட ஒரு தடவை சொன்னாங்க. ‘போன வருஷம் கல்லு வலி வந்தப்ப துள்ளுனாரு சார், இப்ப அசையாமக் கிடக்கறாரு’ன்னு. கல்லு வலிக்காரன் ஒரு இடத்துல கிடக்க மாட்டான். அது முதல் வருஷப் பாடம். அந்தம்மா எனக்குப் பாடமே எடுத்துட்டாங்க. நான், ‘வலிக்கு ஊசி போட்டிருக்கும்மா, அதான்’னுட்டு நடந்துட்டேன். கூட்டத்துல யாரும் கேக்கலை. நானும் சொல்லலை.”

மூன்றரை மணிக்கு அந்த அம்மாள் வந்தார், கையில் துணிப்பை. காவலாளியிடம் இவரைத்தான் கேட்டார். தள்ளுவண்டிகள் நிற்கும் நடைபாதையில், சுவரோரப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“ஞாபகம் இருக்கா சார்?”

“இருக்கும்மா.”

“சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அவரு அசையாமக் கிடக்காருன்னு நான் சொன்னேனா, இல்லியா? என் மாமியாரு தினம் கேக்கறாங்க. ‘பக்கத்துலயே உக்காந்திருந்தியே, வாயில என்ன வெச்சிருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எம்புள்ள பொழைச்சிருப்பானே’ன்னு. சொன்னேன்னுதான் நினைக்கறேன். ஆனா அவங்க கேட்டுக் கேட்டு, இப்ப எனக்கே சந்தேகம். மனசுல நெனச்சதைச் சொன்னதா நெனச்சுக்கறேனோ?”

பின்னால் வந்து நின்ற தலைமைச் செவிலி, “ஃபைல்ல எல்லாம் இருக்கும்மா. ஆபீஸ்ல மனு குடுத்தா...” என்று ஆரம்பித்தார்.

“ஃபைல்ல அது இல்ல சிஸ்டர்,” என்றார் இவர். பிறகு அந்த அம்மாளின் பக்கம் திரும்பினார். “சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் காதுல போட்டுக்கல.”

அந்த அம்மாள் அழவில்லை. துணிப்பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். “எழுதிக் குடுப்பீங்களா சார்? நான் வாயால சொன்னா வீட்டுல நம்ப மாட்டாங்க.”

தலைமைச் செவிலி இவரைத் தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். இருபத்தாறு வருட அனுபவம் குரலைத் தாழ்த்திப் பேசியது.

“சொன்னதோட நிறுத்துங்க சார். அந்தம்மா நல்லவங்கதான். ஆனா காகிதம் கை மாறும். நாளைக்கு வக்கீல் நோட்டீசா வந்து நிக்கும். பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கு. உக்கார விடுவாங்களா?”

“விட மாட்டாங்கன்னுதான் நினைக்கறேன்.”

“அப்புறம்?”

“ஒரு வெள்ளைத்தாள் குடுங்க சிஸ்டர்.”

செவிலி கொடுக்கவில்லை. இவரே போய், பதிவு மேசையில் கேட்டு வாங்கிவந்தார். பெஞ்சிலேயே, தொடைமேல் நோயாளிக் குறிப்பேட்டு அட்டையை வைத்துக்கொண்டு எழுதினார். தேதி, நேரம், படுக்கை எண். நோயாளி அசையாமல் கிடப்பதாகவும், முந்தைய கல் வலிபோல் இது இல்லையென்றும் மனைவி, பணியிலிருந்த மருத்துவரிடம் ஒருமுறை தெளிவாகச் சொன்னார். மருத்துவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கீழே தன் பெயர், பதிவு எண், கையெழுத்து.

அந்த அம்மாள் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். நடுவில் விரல் நின்றது.

“ஒரு தடவைன்னு போட்டிருக்கீங்க. ரெண்டு தடவை சொன்னேன் சார். ரெண்டாவது தடவை நீங்க பக்கத்துப் படுக்கைக்கு மருந்து எழுதிட்டிருந்தீங்க. பின்னாடி வந்து நின்னு சொன்னேன். நீங்க திரும்பல.”

இவர் பதினாலு மாதமாக ஒவ்வொரு நிமிடமாக நினைவிலிருந்து எடுத்து அடுக்கிவைத்திருந்த அந்த மதியத்தில் இது இல்லை. தாளைத் திரும்ப வாங்கினார். ‘ஒருமுறை’ என்பதன்மேல், அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி, நோயாளிக் குறிப்பில் திருத்துவதுபோலவே ஒற்றைக் கோடு இழுத்தார். மேலே ‘இருமுறை’ என்று எழுதினார். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து, திருத்தத்தின் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டார்.