மூணு டேங்க் வண்டி

போன வாரம் ஒரு காலை, ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு தெருமுனையில், பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவே நகர முடியாமல் மாட்டிக்கொண்டு நின்றேன். பச்சை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு... எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை கலர். இத்தனைக்கும் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லாம் ஒரு வண்டியால் வந்தது. சரியாகச் சொன்னால், வண்டிக்கு அடியில் இருந்த டேங்க்கால் வந்தது.

செல்வராஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஏரியாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் ஒரே மகன். அப்பா திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்தவர், மகன் ராயபுரத்திலேயே பிறந்தவன். பருப்பு, புளி, மிளகாய் வற்றலைத் தாண்டியும் உலகம் இருக்கிறது என்று நம்புகிறவன். அந்த நம்பிக்கையில் ஹார்பர் ஏலத்தில் ஒரு கேரவனை எடுத்துவிட்டான்.

எந்த வெள்ளைக்காரன் எங்கே கொண்டுபோக இறக்கினானோ, தெரியாது. என்ஜின் கிடையாது. வேனுக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்க வேண்டும். உள்ளே கட்டில், கண்ணாடி, ஏ.சி., குட்டியாக ஒரு பாத்ரூம். ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடுவது திட்டம். அண்ணாச்சி கொஞ்ச நாள் மகனோடு பேசவே இல்லை.

செல்வராஜுக்கு அந்த வண்டியில் ரொம்பப் பிடித்தது அதன் வயிறு. “அடியில மூணு டேங்க் இருக்கு சார், மூணு!” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தான். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் குளித்த, கை கழுவிய சோப்புத் தண்ணீர். மற்றொன்றில்... அதுதான். புரிகிறது இல்லையா? கடையில் அவன் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொண்டான். பருப்பு நிறுக்கிற இடத்தில் வைத்து அதையெல்லாம் விளக்க முடியுமா?

விளைவு? குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வருகிற இந்தக் கோடையில், ‘அண்ணாச்சி மவன் மூணு டேங்க் வண்டி வாங்கிகீறான்’ என்ற சேதி தெருத் தெருவாகப் போயிருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியாது.

முதல் வாடகை எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில். மும்பை ஹீரோயின். ஆரம்பத்தில் செல்வராஜுக்கு ஏக மரியாதை, டீயெல்லாம் தேடி வந்ததாம். அப்புறம் வண்டிக்குள் லேசாக ஒரு வாசனை... டேங்க் நிரம்பினால் அது நமக்குச் சொல்லிவிடும்.

“நாளைக்கு மேடம் வர்றதுக்குள்ள இது போகணும். இல்லேன்னா கோடம்பாக்கத்துலேர்ந்து வேற வண்டி வரும். உன் வண்டிய நீயே வச்சுக்கோ” என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். கையோடு ஒரு யோசனையும் கொடுத்தார் — “பக்கத்துலயேதான் முகத்துவாரம் இருக்கே, சத்தமில்லாம திறந்து விட்டுடேன்!”

செல்வராஜ் மாட்டேன் என்றுவிட்டான். அங்கே வலை போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் ஏற்கெனவே படும் பாடு போதும் என்றான். எனக்கு அவனைப் பிடிப்பதே இதனால்தான்.

ஆக, வண்டி கல்மண்டபத்துக்கு வந்தது. ஏரியா ஆபீசில் முறையாகக் கேட்டு, ஒரு மேன்ஹோலில் விட்டுக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தான். மேடத்துக்காக, தண்ணீரை விலைக்கு வாங்கி, நல்ல தண்ணீர் டேங்க்கையும் முதல் வேலையாக நிரப்பிவிட்டான். என்னையும் துணைக்கு அழைத்தான். “நீங்க எழுதுறவங்க சார். யாராச்சும் கேட்டா நயமா எடுத்துச் சொல்லுவீங்க.” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். போயிருக்கக் கூடாது.

மேன்ஹோல் மூடியை நெம்பித் திறந்தோம். ஹோஸை எடுத்து மாட்டினோம். கை மொத்தத்துக்கு, ஆர்மோனியப் பெட்டி மாதிரி மடிப்பு மடிப்பாக, இழுக்க இழுக்க நீண்டது. அவ்வளவுதான்!

“ஏ... வண்டி வந்துகீதுடீ!”

எங்கிருந்துதான் வந்தார்களோ! கண் மூடித் திறப்பதற்குள் குட வரிசை. முதல் குடம் பச்சை. அதற்குச் சொந்தக்காரி, காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற தேசம்மா. அண்ணாச்சி கடையின் நெடுநாள் வாடிக்கை.

“இன்னா தம்பி, முன்னாடியே சொல்லக் கூடாது? சரி வுடு, ஆளுக்கு நாலு கொடம்.”

“அக்கா, இது தண்ணி வண்டி இல்லக்கா.”

“தோ டேங்க் கீது, தோ டியூபு கீது. தண்ணி வண்டி இல்லாம இன்னா, ஏரோப்ளேனா?”

நாளைக்கு இதே பெண்களுக்குப் பருப்பு நிறுக்க வேண்டுமே! செல்வராஜ் நாசூக்காகச் சொன்னான் — “உள்ள இருக்கிறது வேஸ்ட் வாட்டர்க்கா.”

“அதத்தான் நாங்களும் சொல்றோம்! வேஸ்டா போவுற தண்ணிய எங்க கொடத்துல வுடேன். இந்த வெயில்ல எவனாச்சும் தண்ணிய சாக்கடைல ஊத்துவானா? இன்னா மன்சன் நீ?”

வரிசை கொதித்தது. செல்வராஜ் என்னைப் பார்த்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் நல்ல தமிழை எடுத்துவிட்டேன். “அம்மா, இது கழிவுநீர்...”

“கழிவா?” தேசம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “கொடத்துக்கு எவ்ளோ கழிவு? அப்பன் ஒரு நாளும் வெலையில கழிவு போட்டதில்ல, புள்ளையாவது போடுதே!”

தேசம்மா பேச்சை நிறுத்திவிட்டு வேலையில் இறங்கினார். ஹோஸைப் பிடுங்கினார். அதன் வாயைப் பச்சைக் குடத்தின் வாயில் வைத்தார். “கன்னிம்மா, அந்தப் புடிய இஸ்து வுடு!” வண்டிக்கு அடியில் ஒரு பெண் குனிந்து கைப்பிடியைப் பற்றினாள்.

“அக்கா! கக்கூஸுக்கா! அது கக்கூஸு! தொறக்காதீங்க, கக்கூஸு!”

அப்படி ஒரு குரல் செல்வராஜிடம் இருக்கும் என்று அவனைப் பெற்றவர்களுக்கே தெரிந்திருக்காது. மாடி ஜன்னல்கள் திறந்தன.

தேசம்மா இரண்டு விரலால் ஹோஸை வெளியே எடுத்தார். மெல்லக் கேட்டார். “யார்து?”

“ஹீரோயினோடது...”

“அந்தப் பொண்ணுகூட போவுமா?”

அவ்வளவுதான். ஒருத்தி சிரிக்க, வரிசையே குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. “மொதல்லயே சொல்றதுக்கின்னா? வேஸ்டு, கழிவுன்னு பேஜார் பண்ணிகினு!” என்று எனக்கும் ஒரு பாட்டு விழுந்தது.

கூட்டம் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொள்ள, செல்வராஜ் முதலில் ‘அதை’த் திறந்துவிட்டான். பிறகு சோப்புத் தண்ணீர். இந்த வரிசையில் விட்டால் ஹோஸ் தன்னைத் தானே அலசிக்கொள்ளும். மாற்றி விட்டால்? வேண்டாம், டிபன் சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களும் இருப்பீர்கள்.

மூடியைப் போட்டு நிமிர்ந்தால், தேசம்மா அங்கேயே நிற்கிறார். “மூணு டேங்க்குன்னு சொன்னே. ரெண்டு காலி. மிச்சம் ஒண்ணுல இன்னா கீது?”

இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும், அத்தனை பேரும் கலைந்திருப்பார்கள். செல்வராஜ் வரிசையைப் பார்த்தான். “நல்ல தண்ணிக்கா. மேடத்துக்கு ரொப்பினது.”

சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. “சரி, எட்த்துகினு போ. பொயப்பு முக்கியம்” என்று தேசம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அவர் பின்னால் எல்லோரும். அதுதான் தாங்கவில்லை எனக்கு. செல்வராஜுக்கும்தான். “அக்கா, ஆளுக்கு ஒரு கொடம். வரிசையா வாங்க” என்று குழாயைத் திறந்துவிட்டான்.

எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஷூட்டிங் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மேனேஜர் வாசலிலேயே நின்றார். உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்தார். “பரவாயில்லையே!” குழாயைத் திறந்தார். இரண்டு சொட்டு. “தண்ணி எங்கய்யா?”

“எங்க தெருவுல குடுத்துட்டேன் சார். அங்க குடிக்கவே இல்ல.” நாசூக்கு இல்லை, இழுவை இல்லை. அப்படியே சொன்னான்.

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். “எங்க வீட்லயும் இதே கதைதான்” என்று முணுமுணுத்துவிட்டு, தண்ணீர் கேன் கொண்டுவரச் சொல்லிப் பையனை விரட்டினார். வேறு வண்டி வரவில்லை. நயமான வார்த்தைகளுக்கு இத்தனை வருடம் செலவழித்தவன் நான். பச்சையாக ஒரு வார்த்தை சொல்லி நிமிர்ந்து நிற்கிறவனைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

தேசம்மாவுக்குப் புதுக் குடம் ஒன்றை செல்வராஜ் வாங்கிக் கொடுத்துவிட்டான். ஒரு சொட்டு விழாவிட்டாலும் ஹோஸ் பட்ட குடமாயிற்றே! அந்தப் பழைய பச்சைக் குடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று நேற்று கேட்டேன்.

“நல்லாக் கேட்ட போ! தண்ணி லாரி வரிசைல எடம் போட அத்தான் வெக்கிறேன். எவளும் தொட்டு நவுத்த மாட்டேங்கிறா!”