மூட்டைக்குள் விட்ட கை

மக்களே, நம் குடோனில் மிளகு புடைத்த அத்தை ஏன் வேலையை விட்டுப் போனார் என்று நீங்கள் இரண்டு பேரும் எத்தனையோ முறை கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய். மலையாளப் பள்ளியில் படிக்கும் நீங்கள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் வாயால் சொல்லத் துணிவு வராததால் எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் நான் சுமை தூக்கினேன். எனக்குப் பேரே கிடையாது; எல்லோருக்கும் நான் 'எடா'தான். சொந்தமாகச் சின்ன குடோன் எடுத்தபோது, யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். கூப்பிடவும் இல்லை. அதனாலேயே என்னை நல்ல முதலாளி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அத்தை என்று கூப்பிடுகிற அவர் பள்ளுருத்தியிலிருந்து வேலைக்கு வருவார். மிளகு காய்ந்ததா என்று மற்றவர்கள் கடித்துப் பார்ப்பார்கள். அத்தை மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பார். ஈரம் மிச்சம் இருந்தால் உள்ளே சூடு கட்டும். அவர் "சரி" என்ற பிறகுதான் சாக்கின் வாயைத் தைப்போம். சந்தேகம் வந்தால் பக்கத்துக் குடோன்காரர்களும் அவரைக் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

போன மழைக்காலத்தில் பிராட்வே கடைத்தெருவிலிருந்து கடைக்காரர் ஒருவர் மிளகு ஏற்ற வண்டியோடு வந்து நின்றார். அத்தை கையை வெளியே எடுத்தார்.

"உள்ள சூடு இருக்கு அண்ணாச்சி. ரெண்டு நாள் பரத்திப் போடணும்."

கடைக்காரர் சிரித்தார். "எந்தா அண்ணாச்சி, இங்க முதலாளி நிங்களா, சேச்சியா?"

சுமை தூக்குகிறவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

"முதலாளி நான்தான். நீ தைம்மா."

அத்தை கோணி ஊசியை எடுத்துத் தைத்தார்.

பத்து நாளில் கடைக்காரர் திரும்பி வந்தார். ஒரு கைப்பிடி மிளகை எங்கள் எல்லோர் முன்னாலும் கொட்டினார். பூசணம் பூத்திருந்தது. அந்த நேரம் பக்கத்துக் குடோன்காரர்களும் வாசலில் நின்றார்கள்.

"இதை ஆரு நோக்கினது?"

"அவதான் கையை விட்டுப் பாத்தா" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். கடைக்காரர் போன பிறகு கேட்டார்:

"நான் வேணாம்னு சொன்னேன்ல அண்ணாச்சி?"

"வியாபாரம் போயிரும்மா. கொஞ்சம் பொறுத்துக்க."

"உங்களுக்கு இன்னொரு கடைக்காரன் வருவான். என் கைக்கு இன்னொரு பேரு வருமா?"

மறுநாள் அவர் வரவில்லை. வேறு குடோன்களில் வேலை கேட்டிருக்கிறார். "அந்தக் கை பழுதாப்போச்சு" என்று பஜாரில் பேச்சு. ஒருவரும் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வைட்டிலா பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துடைப்பத்தோடு தூண் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றே பிராட்வேக்குப் போய்க் கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "அதொக்கெ கழிஞ்ச காரியமல்லே அண்ணாச்சி" என்று, முடிந்துபோன விஷயமாகத் தள்ளிவிட்டு, அவர் சாயா வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அங்கிருந்து பள்ளுருத்திக்குப் போனேன். அத்தை கதவைப் பாதிதான் திறந்தார். திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டதையும் சொன்னேன்.

"யார் யார் இருந்தாங்க?"

"அவர் மட்டும்தான்."

"அத்தனை பேரு முன்னால சொன்னதை ஒத்தைக்குப் போய்த் திருத்துனீங்களா?"

கதவைச் சாத்திவிட்டார். பஜாரில் ஒவ்வொரு குடோனாக ஏறிச் சொல்ல இன்று வரை எனக்குக் கால் எழவில்லை.

பள்ளுருத்திக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறு காலையில் தனியாகக் குடோனைத் திறந்தேன். வண்டிக்குத் தயாராக ஆறு மூட்டை தைத்து வைத்திருந்தது. ஒன்றின் நூலைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, அத்தை மாதிரியே வைத்திருந்தேன். சூடா, குளிர்ச்சியா, என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற ஐந்தையும் பிரித்தேன். எல்லா மிளகையும் தரையில் கொட்டி, கையாலேயே பரப்பினேன்.