அப்பா கேட்ட பாட்டு

எங்கள் அப்பாவுக்கு எதையும் காதில் வாங்கிக்கொள்ளாத பழக்கம் இருந்தது. குக்கர் விசில் அடித்தால் திரும்ப மாட்டார். பக்கத்தில் கிடக்கும் செல்போன் அலறி ஓய்ந்த பிறகும் பேப்பர் புரட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் எதைச் சொல்வதானாலும் முகத்துக்கு நேரே போய் நின்று சொல்ல வேண்டும். அப்பா ஜல்லி கிரஷரில் மெஷின் ஓட்டினார். ராத்திரி தெருமுனையில் கிரஷர் லாரி திரும்பினால் மட்டும் முதல் ஆளாக எழுந்துவிடுவார். "வேலைன்னா காது கேக்கும், வூடுன்னா கேக்காது" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வேங்கிக்காலில் எங்களோடுதான் இருந்தாள். அப்பாதான் அவளைப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தார். கிடார் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தபோது, பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கூடிக்கூடிப் பேசினார்கள். அதையும் அப்பா காதில் வாங்கவில்லை. ஸ்பீக்கரில் மாட்டி வாசிக்கிற எலக்ட்ரிக் கிடாராகவே வாங்கிக் கொடுத்தார்.

அத்தை கற்றுக்கொண்ட பாட்டையெல்லாம் அப்பா முன்னால் உட்கார்ந்து வாசிப்பாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் "நல்லாருக்கும்மா" என்று எழுந்து போவார். சில நாள் பாட்டு பாதியில் இருக்கும்போதே நல்லாருக்கும்மா வந்துவிடும். அத்தையின் முகம் சுருங்கிப்போகும். எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வரும்.

நான் நாலாவது படிக்கும்போது அத்தைக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போய்விட்டது. ஸ்பீக்கர் இல்லாமல் அந்தக் கிடாரின் சத்தம் எனக்கே சரியாகக் கேட்காது. அப்பா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. அவளுடைய விரல் கம்பி மேலேயே நின்றுவிட்டது. அவர் எழுந்து போனபிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, நான் போறதுக்குள்ள எங்கண்ணன் ஒரு தடவையாவது கேக்கணும்."

அவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. அப்பா வாயைத் திறந்து, ஒரு பாட்டு வாசி என்று தானாகக் கேட்க வேண்டும். ஒருநாள்கூட அப்படி அவர் கேட்டதில்லை. அதற்குத்தான் அத்தை ஏங்குகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

அன்றிலிருந்து அத்தை ஒரு பெட்டி செய்யத் தொடங்கினாள். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி. மிதித்தால் கிடாரின் குரல் மாறிவிடும் என்றாள். பரணில் கிடந்த அலுமினிய டிபன் டப்பாதான் பெட்டி. இன்டர்நெட்டில் எடுத்த சர்க்யூட் படத்தைப் பார்த்துப் பார்த்து உள்ளே ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்தாள். முதலில் வந்த சத்தம் பல்லைக் கூச வைத்தது. அப்பா நல்லாருக்கும்மா என்றார்.

அத்தை டப்பாவைத் திறந்து, புளியங்கொட்டை அளவு பச்சையான ஒன்றைக் காட்டினாள். "இந்தக் கண்டன்சர்தான் வாசப்படி. சின்னதா போட்டா மெலிசான சத்தம் மட்டும்தான் உள்ள வரும். பெருசா போட்டா கனமான சத்தமும் வந்துடும். படத்துல சின்னது போட்ருக்கான். நமக்கு நூத்திநாலு வேணும்."

நூத்திநாலு என்பது அதன்மேல் எழுதியிருக்கும் எண். அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. ஊருக்குள் எந்த வண்டியும் விடவில்லை. கிரிவலக் கூட்டத்தை நீந்திக் கடைத்தெருவுக்குப் போவது நடக்காத காரியம். மறுநாள் காலையில் அவளுக்கு பஸ். தெருக்கோடிக் கடையில் கண்டன்சர் என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர், "ஃபேன் சுத்தலியா பாப்பா?" என்று தீப்பெட்டியைவிடப் பெரிதாக ஒன்றை எடுத்து வைத்தார். வெறுங்கையோடு திரும்பினேன்.

அத்தை பரணில் ஏறி அப்பாவின் டேப் ரெக்கார்டரை இறக்கினாள். ஒரு காலத்தில் அப்பா அதில் பாட்டுப் போட்டு வீட்டையே அதிர வைப்பாராம். பிறகு ஏனோ விட்டுவிட்டார். அதன் வயிற்றுக்குள் நூத்திநாலு இல்லை. 473 என்று எழுதியவை இரண்டு இருந்தன.

"ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல போட்டா போதும். நூத்திநாலுக்குக் கிட்ட வந்துடும்."

எனக்குத் தாங்கவில்லை. கணக்கில் நான் கெட்டி. "நானூத்தி எழுபத்திமூணும் நானூத்தி எழுபத்திமூணும் தொள்ளாயிரத்தி நாப்பத்தாறு அத்தே!"

"கடைசி நம்பர் எத்தனை சைபர்னு சொல்றதுடி. நாப்பத்தேழுக்கு மூணு சைபர் போடு. நாப்பத்தேழாயிரம். ரெண்டு நாப்பத்தேழாயிரம் எவ்ளோ? நூத்திநாலுன்னா பத்துக்கு நாலு சைபர், ஒரு லட்சம். கொஞ்சம் கம்மி, அவ்ளோதான்."

"கம்மியா இருந்தா பரவால்லியா?"

"பாட்டுக்குக் கிட்ட வந்தா போதும்."

இவ்வளவு சின்னப் பொட்டுக்குள் லட்சத்தை எழுதிவைத்த ஆளை நினைத்து நான் வாயைப் பிளந்தேன். அத்தை பற்றவைத்து முடித்துப் பெட்டியை மிதித்து ஒரே ஒரு கம்பியைத் தட்டினாள். அதே கிடார், அதே கம்பி. ஆனால் வந்தது வேறு குரல். பெரிய கோயில் மணி அடித்து ஓய்ந்தபிறகு நெஞ்சுக்குள் கொஞ்ச நேரம் நிற்குமே, அதுபோல வீடு முழுக்க நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தை பெரிய மந்திரக்காரி என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். அவளுக்கு மிச்சம் இருந்த வேலையை நான்தான் செய்ய வேண்டும் என்றும் முடிவு செய்தேன்.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்துக்கு நேரே போய் நின்றேன். "ப்பா, அத்தைகிட்ட ஒரு பாட்டு கேளுங்கப்பா."

அப்பா என்னையே பார்த்தார். டம்ளரோடு எழுந்து உள்ளே வந்தார். "ஏம்மா, ஒரு பாட்டு வாசியேன்" என்றார்.

அத்தை பெட்டியை மிதித்தாள். அவள் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட பாட்டு அது. எத்தனையோ முறை அப்பா முன்னால் வாசித்து, அத்தனைக்கும் நல்லாருக்கும்மா வாங்கிய பாட்டு. அப்பாவின் பார்வை சுவரிலிருந்து திரும்பியது. டம்ளரைக் கீழே வைத்தார். அத்தையின் விரல்களையே பார்த்தார். பாட்டு முடிந்தும் நல்லாருக்கு என்று சொல்லவில்லை.

"இன்னொரு வாட்டி வாசி" என்றார். வாசித்தாள்.

"இந்தப் பாட்டு எப்பம்மா கத்துக்கின?"

அது பழைய பாட்டுப்பா என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். "இப்பத்தாண்ணா." அப்படிச் சொல்லிவிட்டு ஏன் அழுதாள் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் கல்லூரி முடித்தபிறகு அப்பாவைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். மெலிசான சத்தமெல்லாம் கிரஷர் ஓட்டிய ஆரம்ப வருஷங்களிலேயே போயிருக்கும், கனமான சத்தம் மட்டும்தான் மிச்சம் என்றார் டாக்டர். அதுவரைக்கும் அந்தப் பௌர்ணமியைப் பற்றி நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது வேறு கதை. அப்பா அன்றைக்குக் கேட்டாரென்றால், நான் கேட்கச் சொன்னதால்தான் என்று.