முறிய வேண்டிய ஆணி

என் தங்கையும் அவள் கணவரும் வீடு வாங்குவது பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். கேட்டது, வாங்கி முடித்த பிறகு. ஜெர்மனியில் நான் இருக்கும் ஹம் நகரத்திலிருந்து தெற்கே ரயிலில் போனால் வரும் ஒரு மலைச் சிற்றூரில், செங்குத்தான சரிவின் உச்சியில் இருந்தது வீடு. கோடையில் பார்த்து வாங்கியிருந்தார்கள். சரிவின் அடியில் ஒரு பலகை நின்றது: தனியார் பாதை, இங்கிருந்து மேலே நகரசபை பனி அகற்றாது. அதைப் படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"அது பூமரத்துக்குப் பின்னாலை நிண்டது அண்ணா" என்றாள் தங்கை. "பூ நல்ல வடிவு."

சில ஆண்டுகளில் அவளுடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரத்தில் மூன்று நாள் பக்கத்து நகரத்து டயாலிசிஸ் நிலையத்துக்குப் போகவேண்டும். மருத்துவக் காப்புறுதி நிறுவனம் அனுப்பும் டாக்சி காலையில் வாசலுக்கு வந்து கூட்டிப்போகும், பாதை திறந்திருந்தால். பாதையைத் திறப்பதற்காக மச்சான் ஒரு பழைய தோட்ட டிராக்டரை வாங்கிவந்தார். தங்கையின் நோய்க்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டிராக்டரை நான் பொறுப்பெடுத்தேன்.

ஓய்வுபெறும்வரை எனக்கு வேலை, இயந்திரங்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுப்பது. பாரந்தூக்கி, மின்தூக்கி, தொழிற்சாலையில் சாமான் நகர்த்தும் பட்டை எதுவானாலும் என் கையெழுத்து இல்லாமல் அசையாது. கையெழுத்துப் போட்ட பிறகும் அசையாத சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

மச்சானின் டிராக்டர் அவர்களுடைய கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய வண்டி. கோடையில் அதன் வயிற்றில் புல்வெட்டி தொங்கும். குளிர்காலத்தில் அதைக் கழற்றிவிட்டு முன்பக்கத்தில் பனிவாரியைப் பூட்டவேண்டும். பனிவாரி என்பது வாய் திறந்த ஒரு தகரப்பெட்டி. உள்ளே கிடையாக ஒரு தண்டு, அதைச் சுற்றி இரும்புச் சுருள். சுருள் சுழன்று பனியை நடுவுக்கு இழுக்கும். பின்னால் இருக்கும் விசிறி அதை மேல்நோக்கிய குழாய் வழியாகப் பக்கவாட்டில் வீசும்.

சுருளையும் தண்டையும் இணைப்பது ஒரு மெல்லிய ஆணி. வேண்டுமென்றே மென்மையான இரும்பில் செய்தது. சுருளில் கல்லோ கட்டிப் பனியோ சிக்கினால் அந்த ஆணி முறிந்துவிடும். முறிந்தால் சுருள் நிற்கும், உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் தப்பும். அந்தப் பற்சக்கரங்களை இப்போது எவரும் செய்வதில்லை. ஆணி முறிந்தால் மாற்றலாம். ஆணி முறியாவிட்டால் வண்டியையே மாற்றவேண்டும். இதை மச்சானுக்குப் பலமுறை விளக்கியிருந்தேன். முறிவதற்காகவே ஒரு பொருளைச் செய்து விற்கிறவன் கள்ளன் என்பது அவருடைய முடிவு.

இலையுதிர் காலத்தில் போய் எல்லாவற்றையும் பார்த்தேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெல்டின் இழுவிசையைச் சரிசெய்தேன், தண்டின் இரண்டு முனைகளுக்கும் கிரீஸ் வைத்தேன், சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டினேன், ஒரு பெட்டி நிறைய முறியும் ஆணிகளை வாங்கி அலமாரியில் வைத்தேன். பரிசோதனை முடிந்தது, இயந்திரம் தகுதியானது என்று அறிவித்துவிட்டு ஹம்முக்குத் திரும்பினேன். அடுத்த வாரம் ஆயுதபூசை. என்னையும் கூப்பிட்டார்கள். இரும்புக்குப் பொட்டு வைப்பதில் எனக்கு ஈடுபாடில்லை என்று சொல்லி நான் போகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பனி ஒரேயடியாக வந்தது. ஒரு நாள் டாக்சி சரிவின் பாதியில் வழுக்கிப் பின்னோக்கிப் போய் வேலியில் முட்டியது. சாரதி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். தங்கைக்கு அன்றைய டயாலிசிஸ் தவறியது. அவளுடைய வைத்தியர் தொலைபேசியில், ஒன்றைத் தவறவிட்டது ஆபத்து, அடுத்ததையும் தவறவிட்டால் பொறுப்பேற்க மாட்டேன் என்றாராம். அதைக் கேட்டதும் நான் ரயில் ஏறினேன்.

மறுநாள் காலை வெளிச்சம் வந்தபோது பாதை இருந்த இடத்தில் பாதை இல்லை. முழங்கால் அளவு பனி, சரிவு முழுக்க ஒரே வெள்ளை. தங்கை கோட்டு, தொப்பி, சப்பாத்தோடு கூடத்துக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரவும் அப்படித்தான் இருந்தாளாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது. கால்கள் வீங்கி, சப்பாத்தின் நாடாவைக் கட்ட முடியவில்லை.

"அம்புலன்சைக் கூப்பிடுவமோ?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டாச்சு. அவையளும் றோட்டிலை மரம் விழுந்து வரேலாமல் நிக்கினமாம். டாக்சி வருமெண்டால் அதிலை அனுப்பட்டாம், அதுதான் சுறுக்கு" என்றார் மச்சான். "டாக்சி கீழ் றோட்டு வரைக்கும் வரும். அங்கினை நகரசபை வழிச்சிருக்கு. மேலை ஏறாதாம்."

"காத்திருப்பினமோ?"

"கொஞ்ச நேரம். அவருக்கு வேறை நோயாளியளும் இருக்கினம்."

அவர் வெளியே போய் டிராக்டரை இயக்கினார். திறப்பைத் திருப்பியதுமே என்ஜின் பிடித்தது. எனக்கு ஒரு சின்னப் பெருமை. அவர் நெம்புகோலைத் தள்ளிச் சுருளை இணைத்தார். டக் என்று ஒரு சத்தம். விசிறி சுழன்றது, சுருள் அசையவில்லை. பனியை இன்னும் தொடவே இல்லை.

"திருப்பியும் முறிஞ்சு போச்சு" என்றார்.

"திருப்பியும் எண்டால்?"

கராஜுக்குள் போய் அலமாரியைப் பார்த்தேன். பெட்டி காலி.

"ஒரு பெட்டி வாங்கித் தந்தனான். எங்கை?"

"ஒவ்வொரு நாள் காலமையும் முறியுது மச்சான். முதல் ஆணி கட்டாயம் முறியும். சிலநேரம் ரெண்டாவதும். பிறகு ஓடும்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் மெஷினை நிப்பாட்டச் சொல்லுவியள்."

"ஓம். சொல்லியிருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை." அவர் கையில் ஏற்கெனவே ஒரு போல்ட் இருந்தது. கட்டிடங்களில் போடும் உறுதியான எஃகு. "இதைப் போடுவம். இது முறியாது."

"இது முறியாது. பற்சக்கரம் முறியும்."

"முறிஞ்சால் முறியட்டும்! உங்கடை தங்கச்சி அங்கை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறா. நீங்கள் பற்சக்கரத்துக்கு அழுறியள்."

"பாதையின்ரை நடுவிலை பற்சக்கரம் போனால் பிறகு எதாலை வழிப்பீர், கரண்டியாலையோ?"

கூடத்து ஜன்னல் திறந்தது. "ரெண்டு பேரும் சண்டையைக் கீழ் றோட்டிலை போய்ப் பிடியுங்கோ" என்றாள் தங்கை. "வழியிலை பனியும் உருகும்." அந்த இரண்டு வரிக்கு நடுவில் இரண்டு தடவை மூச்செடுத்தாள்.

பனியைத் தொடாமலே ஆணி முறிகிறது என்றால் சுருள் ஏதோ ஓரிடத்தில் இறுகிக் கிடக்கிறது. இரவில் இறுகுகிறது, இரண்டாம் ஆணியில் விடுபடுகிறது. அப்படியானால் அது உறைபனி. ஆனால் நான் வைத்த கிரீசுக்குள் தண்ணீர் எப்படிப் போகும்? என்ஜினை நிறுத்தினேன். திறப்பை எடுத்து என் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். ஸ்பார்க் பிளக்கின் வயரையும் கழற்றினேன்.

"அதுக்கெல்லாம் இப்ப நேரமில்லை மச்சான்."

"விரல் பத்தும் இருக்கிற ஆளுக்கு நேரம் இருக்கும். கேத்திலிலை சுடுதண்ணி கொண்டுவாரும்."

பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். வலது முனையில், தண்டு தகரச் சுவருக்குள் நுழையும் இடத்தில், கருப்பாக ஏதோ வீங்கியிருந்தது. சுடுதண்ணீரை ஊற்றினேன். கருப்பு கரைந்து சிவப்பு தெரிந்தது. துணி. தண்டைச் சுற்றி இறுகி, கிரீசைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஏறியிருந்தது. இடுக்கியால் இழுக்க இழுக்க நாடா நாடாவாக வந்தது. அதோடு பூ கட்டிய நூலும், ஒரு செவ்வந்திக் காம்பும்.

மச்சான் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பூசைக்குக் கட்டினது" என்றார்.

"சுழலுற தண்டிலையோ?"

"வேறை எங்கை கட்டுறது? வேலை செய்யிறது அதுதானே. ஸ்டியரிங்கிலை கட்டினால் அதுக்குப் பூசை, இதுக்கு என்ன?"

என் பரிசோதனைக்கும் முதல் பனிக்கும் நடுவில் கடவுள் நுழைந்து பட்டுத்துணி கட்டியிருக்கிறார். பகலில் துணி பனிநீரைக் குடிக்கும், இரவில் கல்லாக உறையும், காலையில் ஆணியைக் கொல்லும். பரிசோதனைக் கையேடுகளில் நான் படித்த எந்தப் பழுதுப் பட்டியலிலும் இது இல்லை. இனிச் சேர்க்கச் சொல்லி எழுதினாலும் ஜெர்மன்காரருக்கு விளங்காது.

துணி முழுவதும் வந்ததும் சுருளைக் கையால் தள்ளினேன். சுழன்றது. இனி ஓர் ஆணி மட்டும் வேண்டும். கூடத்தில் தொலைபேசி அடித்தது. டாக்சி கீழே வந்துவிட்டது.

எஃகு போல்டை வாங்கி கராஜில் இருந்த வைஸ் இடுக்கியில் இறுக்கினேன். அரத்தை எடுத்து, போல்டின் நடுவில் சுற்றிவர ஒரு பள்ளம் ராவத் தொடங்கினேன். முறியாத ஒன்றை முறியும்படி செய்யவேண்டும். எவ்வளவு ஆழம்? குறைவாக ராவினால் பற்சக்கரம் போகும். கூடுதலாக ராவினால் வீட்டு வாசலிலேயே முறியும். இன்னொரு போல்ட் இல்லை. கணக்குப் போடலாம், எனக்குக் கணக்குத் தெரியும். ஆனால் அந்த எஃகு என்ன தரம், பழைய பற்சக்கரம் எவ்வளவு தாங்கும், இரண்டுமே தெரியாமல் எந்தக் கணக்கு? இப்படி ராவிய போல்டைக் கண்டிருந்தால் அந்தத் தொழிற்சாலைக்கு அன்றே பூட்டுப் போட்டிருப்பேன். அரம் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. மச்சான் என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டார்.

"ஆழம் காணுமோ?"

"தெரியாது."

"நீங்களே தெரியாது எண்டால்..."

"எனக்குத் தெரியாது எண்டதைத்தான் இப்ப சொன்னனான். இந்தாரும், பூட்டும்."

அவர் போல்டைப் பூட்டினார், நான் பிளக் வயரை மாட்டித் திறப்பைக் கொடுத்தேன், அவர் ஏறி உட்கார்ந்து என்ஜினை இயக்கினார். நெம்புகோல். நான் டக் என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. சுருள் சுழன்றது, குழாயிலிருந்து பனி வளைந்து பறந்து பக்கத்து வேலிக்கு மேலால் விழுந்தது. "மெதுவா! முதல் கியர்!" என்று கத்திக்கொண்டு பின்னால் நடந்தேன். வண்டி பனிக்குள் ஒரு வாய்க்காலை வெட்டிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு தடவையும் என்ஜினின் குரல் தாழும்போது என் பற்கள் தாமாகக் கடித்துக்கொண்டன. முதல் வளைவு. வேலி முறிந்த இடம். கீழே மஞ்சள் நிற டாக்சி தெரிந்தது. சாரதி வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாதையின் வாயில் நகரசபையின் பனி வண்டி தன் வேலையைச் சட்டப்படி செய்திருந்தது. பெரிய வீதியை வழித்து, வழித்ததையெல்லாம் பாதைக்குக் குறுக்கே இடுப்பளவு சுவராகக் குவித்துவிட்டுப் போயிருந்தது. பனியல்ல, உறைந்த கட்டிகள். நான் கையைக் குறுக்கே ஆட்டினேன். மச்சான் அதைக் காணவில்லை, அல்லது காண விரும்பவில்லை. டக்.

என்ஜினை நிறுத்தித் தண்டைக் கையால் அசைத்துப் பார்த்தேன். உள்ளே பற்சக்கரங்கள் பிசகாமல் இருந்தன. ஆணி முறியவேண்டிய இடத்தில் முறிந்திருந்தது. என் அனுமானம் சரி. அதனால் எவருக்கும் ஒரு பயனும் இல்லை.

மச்சான் இறங்கி, பின்னால் கட்டியிருந்த மண்வெட்டியால் சுவரை அடிக்கத் தொடங்கினார். சாரதி அந்தப் பக்கத்திலிருந்து, கார் நுழைய இடமில்லை, இன்னும் சில நிமிடம்தான் நிற்கலாம் என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயோடு தன் காரிலிருந்து ஒரு சின்ன மண்வெட்டியை எடுத்து அவரும் வெட்டினார். ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு இடைவெளி வந்தது. ஆள் மேலே வீட்டில் இருந்தாள்.

நடத்திக் கூட்டிவருவது முடியாது. ஐந்தடி நடந்தாலே நின்று மூச்சு வாங்குகிறவள். சுமந்து வரலாம், அந்தச் சரிவில் நாங்கள் இருவரும் விழுவோம். நான் பனிவாரியைத் தூக்கிப் பூட்டிவிட்டு, டிராக்டரை வெட்டிய வாய்க்கால் வழியாக மேலே ஓட்டினேன். சங்கிலி பிடித்தது. வாசலில் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதிலை ஓராளுக்குத்தான் இடம்" என்றேன். "ரெண்டு பேர் ஏறக்கூடாது. பிரேக் தாங்காது."

"அப்ப நீ இறங்கு."

"நீ ஓட்டுவியோ?"

"கிட்டங்கியிலை பதினொரு வருசம் ஸ்டாப்லர் ஓட்டினது உன்ரை மனிசியோ?"

சாமான் தூக்கும் அந்தச் சிறு வண்டியை அவள் ஓட்டியதும், அதற்கு உரிய சான்றிதழ் வைத்திருப்பதும் எனக்குத் தெரியும். நோய் வந்த பிறகு அவளை நோயாளியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். கையைப் பிடித்து ஏற்றினேன். கட்டாத சப்பாத்து நாடாக்களை உள்ளே செருகினேன். அவள் பிரேக்கை ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள், கியரை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். எவரும் சொல்லாமலே செய்தாள்.

"கிளச்சை அமத்தாதை, கியரிலையே விடு. இறக்கத்திலை என்ஜின்தான் பிடிக்கும்."

"அண்ணா."

"என்ன?"

"வாயை மூடு. மூச்சு வேணும் எனக்கு."

நான் பக்கத்தில் நடந்தேன், ஒரு கை அவள் முதுகில். அவள் மூச்சு என்ஜினுக்கு மேலாகவும் கேட்டது. வளைவில் பின்சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. நான் தொட்டிருப்பேன், வண்டி திரும்பியிருக்கும். சங்கிலி மறுபடி கவ்வியது. கீழே மச்சான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார், வண்டி பாய்ந்தால் மார்பால் நிறுத்திவிடுபவர்போல.

"விலத்துங்கோ அப்பா" என்றாள் அவள் கணவரைப் பார்த்து. "நல்ல மெஷின், உங்களிலை இடிச்சுப் பழுதாக்க ஏலாது."

சுவரின் முன் நிறுத்தினாள். மச்சானும் சாரதியும் இரண்டு பக்கமும் பிடித்து இடைவெளியால் அவளை அந்தப் பக்கம் எடுத்தார்கள். இருக்கையில் சாய்ந்ததும் அவள் முகம் சாம்பலாக இருந்தது. உதடு நீலம். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று கையசைத்தாள். கார் போய்விட்டது.

நாங்கள் இருவரும் மண்வெட்டியால் இடைவெளியை அகலமாக்கத் தொடங்கினோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நிலையத்திலிருந்து மச்சானின் கைத்தொலைபேசிக்கு அழைப்பு வந்தது: வந்து சேர்ந்துவிட்டார், டயாலிசிஸ் இயந்திரத்தில் பூட்டிவிட்டோம், இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மச்சான் அதை என்னிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அவளால் தலையைக்கூட நிமிர்த்த முடியாது. திரும்பும்போது வண்டி ஓட்ட மாட்டாள், நடக்கவும் மாட்டாள். பிற்பகலில் டாக்சி வாசல்வரை ஏறியே ஆகவேண்டும். மேலே மேகம் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. மச்சான் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுக் கடப்பாரையால் உறைந்த சுவரில் இறங்கினார். நான் ஆணி வாங்கப் பெரிய வீதியால் ஊருக்குள் நடந்தேன். பாதி வழியில் மறுபடி பனி விழத் தொடங்கியது.