எந்த மாடிப்படி?

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஆறு எத்தர்களின் கதை. வெளிநாட்டுத் தொடர்தான், ஆனால் எல்லோரும் நல்ல தமிழில் பேசித்தான் திருடுவார்கள். போன சீசன் கடைசியில் கும்பல் சிதறியது. கள்ளக் கையெழுத்துப் போடும் அக்காவைச் சுட்டுவிட்டார்கள்.

"செத்ததக் காட்டுனானா? காட்டல. அப்ப வருவாக," என்று என் மனைவி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். புது சீசனின் முதல் பகுதியைச் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

அது வெளியான அன்று சாயங்காலம் மேலூர் ஆபீஸிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்தில் இருந்த சக குமாஸ்தா போனில் அதையே போட்டார். நான் யோக்கியனாக ஜன்னல் வழியே வயலைப் பார்த்தேன். வெள்ளரிப்பட்டி வருவதற்குள் வயல் அலுத்துவிட்டது.

"அண்ணே, கழுத்து சுளுக்கிக்கிரும். இந்தாங்க," என்று ஒரு பக்க இயர்போனை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

தல்லாகுளத்து வீட்டில் அவள் சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு, டிவி முன்னால் முறுக்குத் தட்டோடு காத்திருந்தாள். தொடர் ஆரம்பித்தது. ஒவ்வொருவராக வந்து சேரச் சேர நான் "அட" என்றேன். மூன்றாமவனுக்கு "அட"வைக் கொஞ்சம் இழுத்தேன். என் நடிப்பு எனக்கே பிடித்துப்போனது. அந்தக் கும்பல் பார்த்தால் என்னை ஏழாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் என்றுகூட நினைத்தேன்.

ஐந்து பேர் வந்தாயிற்று. அவள் முறுக்கைத் தொடவே இல்லை.

"அம்புட்டுப் பேரும் வந்துட்டாக. அந்தக்கா நெசமாவே போய்ச் சேந்துட்டாகளாங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை.

"சும்மா இரு. மாடிப்படில எறங்கி வருவாக பாரு."

"எந்த மாடிப்படி?"

திரையில் அப்போது நடுக்கடலில் ஒரு சின்னப் படகு. சுற்றிலும் தண்ணீர்.

"இல்ல, பொதுவா இந்த மாதிரிக் கதைல ஒரு மாடிப்படி இருக்கும்ல," என்று உளறினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

காட்சி மாறியது. பெரிய பங்களா, அதில் ஒரு மாடிப்படி. கைத்தடியை ஊன்றி அந்த அக்கா ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். இரண்டு வருடமாகக் காத்திருந்தவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.