முட்டை போடாத ஐஸ்கிறீம்

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகனைப் பட்டினத்தில் ஓர் ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு அவன் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டான். நான் தேநீர் குடித்து முடித்து, வெளியில் பெய்த மழையும் விட்ட பிறகு பார்த்தால், அவனுடைய கோப்பைக்குள் ஐஸ்கிறீம் அப்படியே நிமிர்ந்து நிற்கிறது. குளிர் போய்விட்டது, உருவம் போகவில்லை. கரண்டியால் குத்தினேன். சவர்க்கார நுரைபோல் உள்ளே வாங்கியது.

"சித்தி, இது ஏன் கரையேல்லை?" என்று கேட்டான். பதில் என்னிடம் இருந்தது. சொல்லத் தொடங்குவதற்குள் அவன் மறுபடியும் திரைக்குள் குனிந்துவிட்டான். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் மேற்பரப்பும் கூழ்மங்களும் எங்களுக்கு மூன்றாம் ஆண்டுப் பாடம். எனக்கு அது பிடித்திருந்ததற்குக் காரணம், அது பட்டியல் போடத் தோதான பாடம் என்பதுதான். எதற்குள் எது பரவியிருக்கிறது என்று அட்டவணை கீறலாம்: புகை என்றால் காற்றுக்குள் கரி, பால் என்றால் நீருக்குள் கொழுப்பு, நுரை என்றால் நீருக்குள் காற்று. நான் நான்கு நிற மையால் கீறினேன். ஐஸ்கிறீமை எங்கே சேர்ப்பது என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். கொழுப்பும் காற்றும் பனித்துகளும் ஒரே இடத்தில் இருப்பதாக அழகாக எழுதிப் புள்ளியும் வாங்கினேன். அதுவரை ஐஸ்கிறீம் செய்வதை நான் கண்ணால் கண்டதில்லை.

கண்டது அச்சுவேலியில். தேவண்ணையின் ஐஸ்கிறீம் வேலைத்தலம் சந்தையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வாழைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருந்தது. வனிலாவும் நனைந்த சீமெந்தும் சேர்ந்த ஒரு மணம் வாசற் படலையடியிலேயே வரும். இன்றைக்கும் யாராவது கேக் அடித்தால் எனக்கு முதலில் ஈரச் சீமெந்துதான் ஞாபகம் வருகிறது. தேவண்ணை சின்ன வயதில் சைக்கிளில் ஐஸ்பழம் விற்றவர். சேர்த்த காசில் ஒரு பழைய கிறீம் மெசினை வாங்கிப் போட்டு முதலாளி ஆனவர். தரம் பார்க்க ஒரு படித்த பிள்ளை வேண்டுமென்று என்னை எடுத்தார். உடுவிலிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். மெசினைப் பார்த்துக்கொண்டவர் குருநகர் றெஜினா அக்கா. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும் மனுசி. முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கம்பஸ் முடிச்ச பிள்ளையாம். வாளி தூக்குவியோ, இல்லாட்டி எழுத்து வேலை மட்டுமோ?" என்றார். தூக்கினேன். பாதி என் காலில் கொட்டியது.

அந்த வேலைத்தலத்தின் உயிர் ஒரு தகரப் பேணிக்குள் இருந்தது. கையில் தேய்த்தால் மெழுகுபோல வழுக்கும் வெள்ளைப் பொடி. அதன் ஒரு முனை கொழுப்போடு ஒட்டும், மற்ற முனை நீரோடு ஒட்டும். கொழுப்புத் துளிகளின் மேற்பரப்பில் போய் உட்கார்ந்து, இரண்டையும் சண்டை பிடிக்காமல் வைத்திருக்கும். அது கூடிவிட்டால் குளிர் போன பிறகும் உருவம் போகாது. ஒரு பெரிய வாளிக்கு ஒரு சின்னக் கரண்டி போதும். சேர்மானங்களை நான் எழுதும்போது அதைக் கடைசி வரியில்தான் எழுதுவேன். அளவில் குறைந்தது கடைசியில் வரவேண்டும் என்பது என் ஒழுங்கு.

பிறகு நாடே காசில்லாமல் நின்ற அந்த வருடம் வந்தது. டொலர் இல்லை, கப்பல் இல்லை, டீசலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. பால்மா அரைவாசியானது. வெள்ளைப் பொடி முழுதாகவே நின்றுபோனது. கொழும்பிலிருந்து அனுப்புகிறவர் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டார். கோயிற் கொடியேறும் மாதம் கிட்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் சனம் சாமி கும்பிட்டுவிட்டு நேரே ஐஸ்கிறீமுக்குத்தான் வரும். அந்தத் திருவிழா விற்பனையில்தான் எங்களுக்கு மற்ற மாதங்கள் ஓடும். அதைத் தவறவிட்டால் பூட்டவேண்டியதுதான் என்று தேவண்ணை எங்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார். சத்தம் போடாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது.

பொடி இல்லாமற் செய்து பார்ப்போம் என்றேன். தேங்காய்ப்பாலைக் கூட்டி, இருந்த பால்மாவைப் போட்டு மெசினில் விட்டோம். காற்றுப் பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அடித்தால் பிடிக்கும் என்று நான் அடிக்கச் சொன்னேன். அடிக்க அடிக்கக் கொழுப்புத் துளிகள் ஒன்றையொன்று தேடிப்பிடித்து மணிமணியாகத் திரண்டன. வாயில் வைத்தால் அண்ணத்தில் மெழுகு.

"வெண்ணெய் எடுத்துப்போட்டாய் பிள்ளை," என்றார் றெஜினா அக்கா. "பாண் இருந்தாப் பூசலாம். அதுவும் இல்லை."

அடுத்து, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சும் கூழைத் தடிப்பாக்கும் மா இதையும் தடிப்பாக்காதா என்று யோசித்தேன். தடிப்பாக்கியது. ஆனாற் கொழுப்பு பிரிவதை நிறுத்தவில்லை, கொஞ்சம் பிந்தப் பிரிந்தது, அவ்வளவுதான். ஒரு கசப்பும் சேர்ந்துகொண்டது. றெஜினா அக்கா ருசி பார்த்துவிட்டுக் கரண்டியை மெல்ல வைத்தார். "உதுக்குள்ளை ரெண்டு நண்டையும் போட்டுவிடு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுது."

சிரித்தோம். ஆனால் எனக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் திறந்தது. நீரைத் தடிப்பாக்குவது வேறு, மேற்பரப்புக்குப் போய் அங்கே இருப்பது வேறு. இதை நான் நான்கு நிற மையில் எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது ஒரு வசனம். இப்போது ஒரு வாளி நிறையக் கெட்டுப்போன தேங்காய்ப்பால். உள்ளே எவ்வளவு இருந்தாலும், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது ஒன்றோடொன்று முட்டும் அந்த மெல்லிய இடந்தான். பாடத்தைப் படித்து முடித்துப் பட்டமும் வாங்கிய பிறகு, அதன் முதற் பக்கம் எனக்கு விளங்கியது.

விளங்கியதும் விடையும் வந்தது. முட்டை. மஞ்சட் கருவுக்குள் அதே வேலையைச் செய்யும் பொருள் இருக்கிறது. தேவண்ணைக்குத் தெரியாமல் எதையும் செய்ய எனக்கு மனமில்லை. கேட்டுவிட்டு, ஒரு சிறிய வாளிக்கு மட்டும் அடித்தேன். பட்டுப்போல வந்தது. கரண்டியைக் குத்தி நிறுத்தினால் நின்றது. றெஜினா அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "எடியே, பழசை விட நல்லாயிருக்கு!"

தேவண்ணை விரதம். ருசி பார்க்கவில்லை. நின்ற கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொடியேறினால் எங்கடை சனம் முட்டை தொடாது, பிள்ளை."

"ஆருக்குத் தெரியப்போகுது அண்ணை?" என்றார் றெஜினா அக்கா. "மணமும் இல்லை, நிறமும் இல்லை."

"ஒருத்தருக்கும் தெரியாமல்தான் சாப்பிடுவினம். அதுதானே பிரச்சினை."

"அப்ப எழுதிப் போடுவம். முட்டை போட்டது எண்டு," என்றார் அக்கா.

"எழுதினால் ஆர் வாங்குவினம்?"

சொல்வதற்கு என்னிடம் இருந்தவை எல்லாம் வேதியியல். தேவண்ணை வாளியை மூடியால் மூடி றெஜினா அக்காவிடம் நீட்டினார். "இதைப் பிள்ளையளுக்குக் கொண்டுபோங்கோ." உருகாமல் இருக்கப் பழைய சாக்கால் சுற்றியும் கொடுத்தார். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். மறுநாள் வந்து, "பெடியள் வாளியை நக்கித் துடைச்சுப்போட்டாங்கள்," என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

திருவிழா முழுவதும் நாங்கள் ஐஸ்பழம் போட்டோம். தண்ணீர், சீனி, நிறம், குச்சி. அதில் மேற்பரப்பு என்று கவலைப்பட ஒன்றுமில்லை, தரம் பார்க்கவும் அதிகமில்லை. நான் குச்சி அடுக்கினேன். படலையடிக்கு வந்த தள்ளுவண்டிக்காரர் ஒவ்வொருவரும், "கிறீம் இல்லையோ அண்ணை?" என்று கேட்டார்கள். "இல்லைத் தம்பி" என்று தேவண்ணை ஒவ்வொருவருக்கும் ஒரே குரலில் சொன்னார். இரண்டாவது வாரத்தில் அவர்கள் வருவது குறைந்தது. கோயில் வீதியில் வெளியூர்க் கொம்பனி ஒன்றின் வான் குளிர்பெட்டியோடு வந்து நின்றது. அவர்களுக்கு எங்கிருந்து சாமான் வந்ததோ தெரியாது.

தீர்த்தத் திருவிழாவும் முடிந்து சில கிழமைகளில் தேவண்ணை பூட்டிவிட்டார். எங்களை அழைத்துச் சம்பளம் தந்து, "ரெண்டு பேரும் நல்லாய் இருங்கோ," என்றார். மெசின் பழைய இரும்புக்காரனிடம் போனது. றெஜினா அக்கா இப்போது நண்டு உடைத்துப் பெட்டியில் அடைக்கும் கொம்பனி ஒன்றில் நிற்கிறார். கையெல்லாம் வெட்டுக்காயம் என்று தொலைபேசியிற் சொன்னார். நான் தண்ணீர் பரிசோதிக்கும் கூடமொன்றில் வேலை செய்கிறேன். போத்தல்கள் ஒழுங்காக இருக்கும், பட்டியல்களும் ஒழுங்காக இருக்கும். வேலைத்தலம் நின்ற காணியை வாழைத் தோட்டக்காரர் வாங்கி, அங்கேயும் வாழை வைத்துவிட்டார்.

தேவண்ணையைக் கடந்த திருவிழாவிற் கண்டேன். பேத்தியைக் கையிற் பிடித்துக்கொண்டு அந்தக் கொம்பனி வானடி வரிசையில் நின்றார். மெலிந்திருந்தார். பிள்ளைக்கு ஒன்று வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து, கண்ணாடி கொண்டுவரவில்லை என்று கோப்பையை நீட்டினார்.

"பிள்ளை, உதுக்குள்ளை முட்டை இருக்கோ எண்டு ஒருக்காப் பாரும்."

பொடி எழுத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வாசித்தேன்.

"இல்லை அண்ணை. ஒரு நம்பர் போட்டிருக்கு. எங்கடை அந்தப் பொடிதான்."

"அது இப்ப வருதோ?"

"எல்லா இடமும் கிடைக்குது."

கோப்பையை வாங்கிப் பேத்தியிடம் கொடுத்தார். தனக்கு வாங்கவில்லை. பிள்ளையின் வாயோரத்தைச் சால்வையால் துடைத்துவிட்டார்.

"எங்கடை கிறீம் பெட்டியிலை உப்பிடி ஒண்டும் எழுதேல்லை, என்ன?"

"இல்லை அண்ணை."

"ஆரும் கேக்கவும் இல்லை. நம்பிச் சாப்பிட்டவை," என்றார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சனத்துக்குள் நடந்தார்.