பச்சைக் கண்ணாடி பங்களாவின் பலகை

கேரளத்தில், தேவிகுளத்துக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இருந்த பழைய துரை பங்களாவுக்கு ஆப்பீஸ் காகிதங்களில் ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் யாரும் அதைச் சொன்னதில்லை. எங்களுக்கு அது பச்சைக் கண்ணாடி பங்களா. முன்பக்க வராந்தாவை மூடி வரிசையாகச் சன்னல்கள். எல்லாம் வெள்ளைக் கண்ணாடி, வலது ஓரத்தில் ஒன்று மட்டும் பச்சை. வெயில் அடித்தால் கீழே கொழுந்து கிள்ளும் காட்டிலிருந்தே அது தெரியும்.

எழுபதுகளில் அந்த வீட்டை விருந்தாளிகள் தங்குவதற்கு ஒதுக்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. லயத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, மலையாளத்தைத் தனியாகக் கற்றுக்கொண்டவன் நான். எங்கள் லயத்தில் அப்போது வேறு யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது பச்சைக் கண்ணாடியைத்தான். அதற்கு ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். வெள்ளைக்காரத் துரை ஒருவர் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தாராம். புல்வெளியில் சிறுத்தை வந்து நின்றதாம். நாற்காலியை விட்டு எழாமல் சன்னல் வழியாகவே சுட்டாராம். உடைந்த கண்ணாடிக்கு மாற்று கிடைக்காமல் பச்சையைப் போட்டார்களாம். சிறுத்தையின் நீளம் ஆளைப் பார்த்துக் கூடும், குறையும். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள். நான் குடம் குடமாக வடித்தேன்.

வெள்ளைக்காரத் துரை காலத்தில் உண்மையில் நடந்தது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கொழுந்து கிள்ளும் ஒரு பெண்ணின் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டது. ஆஸ்பத்திரிக்கு மலை இறங்க வேண்டும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் புருஷனும் துரையிடம் வண்டி கேட்கப் போனார்கள். உள்ளே மத்தியான விருந்து. கார் வாசலிலேயே நின்றது. விருந்து முடியட்டும் என்று பதில் வந்தது. முடிவதற்குள் பிள்ளை தாயின் தோளிலேயே அடங்கிவிட்டது. அவள் அதைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, பாதையோரக் கல் ஒன்றை எடுத்து வீசினாள். அந்தச் சன்னலில்தான் பிறகு பச்சைக் கண்ணாடி வந்தது.

அவள் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். எனக்குப் பெரியம்மா முறை சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம். சின்ன வயதில் அவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அப்படியும் சிறுத்தைக் கதையைச் சொன்னேன். அது அவள் காதுக்குப் போகாமலா இருக்கும்? வெகுகாலம் என்னிடம் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் அவள் பேசவில்லை என்பதையே வசதியாக வைத்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் மேனேஜர், அவரையும் நாங்கள் துரை என்றே சொல்வோம், வீட்டின் வரலாற்றை எழுதி வாசலில் பலகை வைக்கச் சொன்னார். இங்கிலீஷில் அவரே எழுதுவார், மலையாளத்தில் நான் எழுதித் தர வேண்டும். செய்தி லயத்துக்குப் போன மறுநாள் பெரியம்மா வந்தாள். நல்ல மழை. துரைமார் போய் இத்தனை காலம் ஆன பிறகும் எங்கள் ஆட்கள் பங்களா முன்னால் வந்தால் குடையை மடக்கிவிடுவார்கள். அவளும் மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி நின்றாள்.

"சிறுத்தைன்னு வாரவுக கிட்டல்லாம் சொல்லுதியாமே, அது போகட்டும் தம்பி," என்றாள். "பலகையிலயாவது எம்மக செத்தத எழுதிரு. அவளுக்குன்னு வேற எதுவும் இல்ல."

பிள்ளையைப் புதைத்த இடத்தில் பிற்பாடு தேயிலை நட்டுவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். எழுதுகிறேன் பெரியம்மா என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

துரை முன்னால் போய் நின்றேன். அவர் சிறுத்தையை ஏற்கெனவே இங்கிலீஷில் எழுதி முடித்திருந்தார். வேறு ஏதாவது உண்டா என்று அவராகவே கேட்கவும் செய்தார். இல்லை என்றேன். மிரட்டியிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். கேட்டவரிடம் இல்லை என்றவன் நான். போதாததற்கு, கதை என்னுடையது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

பலகை நட்ட வாரம் பெரியம்மா வந்து குடையை மடக்கினாள். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. வாசி தம்பி என்றாள். மலையாள வரிகளில் விரலை வைத்து ஓட்டிக்கொண்டே, அங்கே இல்லாததை வாசித்தேன். காய்ச்சல் கண்ட மூன்று வயதுப் பெண் குழந்தை, வாசலில் நின்ற கார், தாய் வீசிய கல். வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது, அதுதான் இன்றைக்கும் கூசுகிறது. அவள் பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அதோடு முடியவில்லை. தேனியிலிருந்து அவள் தம்பி குடும்பம் வந்தாலும் சரி, கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வரும் பெண்களானாலும் சரி, கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் உண்டு, மலையாளமோ இங்கிலீஷோ தெரிந்தவர் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இரண்டு வருஷம் விரல் வைத்துச் செய்தேன். நிறுத்தியிருக்கலாம். அவள் முகத்துக்காகச் செய்கிறேன் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

பிறகு அவளுடைய மகன் வழிப் பேத்திக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆப்பீஸில் பியூன் வேலை, மலையாளம் சரளம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போயிருந்தேன். பெரியம்மா புது மாப்பிள்ளையைப் பெருமையாகக் கூட்டி வந்து பலகை முன்னால் நிறுத்தி, அவனையே வாசிக்கச் சொன்னாளாம். அவன் இருந்ததை வாசித்திருக்கிறான். பங்களாத் தோட்டக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் லயத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் தூறலில் அவளே வந்தாள். குடையை மடக்கவில்லை. விரித்த குடையோடு முன்பாதையில் நேராக ஏறி வந்து வராந்தாப் படியில் நின்றாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்கு ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம்.

"நீ வாசிச்சதுதாம்ய்யா நல்லா இருந்துச்சு," என்றாள். "அதையே எழுதியிருக்கலாம்ல?"

அவள் அதே பாதையில் திரும்பி இறங்கிப் போனாள்.

மறுநாள் கொச்சியிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. பெட்டிகளை எடுத்து வைத்தேன். அந்த அம்மாள் வராந்தாவில் நின்று, இது மட்டும் ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டார். சிறுத்தை என்றேன்.